கொஞ்சம் அப்செட்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் டீக்கு பிஸ்கட் தீர்ந்துபோனால் ஒருத்தர் ‘அப்செட்’. ஆயுசு முழுக்கக் கூட வாழ்ந்த புருஷன் செத்துப்போனாலும் அந்தம்மா ‘அப்செட்’தான். வந்த புதிதில் எரிச்சலாக வரும். இதென்ன கஞ்சத்தனம், இரண்டுக்கும் ஒரே வார்த்தையா? காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டிலும் அந்த வார்த்தை உண்டு. குழம்பில் மீன் தலை தம்பி தட்டுக்குப் போய்விட்டால் அப்பா அப்செட். அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. நிஜமான துக்கத்துக்கு அதைத் தொடவே மாட்டோம். ‘கொஞ்சம் மனசு சரியில்ல’ என்போம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து மீதியைப் புரிந்துகொள்வார்.

அம்மா போன பிறகு அங்கே அப்பாவும் தம்பியும்தான். போன மாசியில் தம்பி கூப்பிட்டான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் அவனுக்கு வேலை. பின்னால் லாரிச் சத்தம். “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலக்கா. நீ ஒண்ணும் பதறாத” என்றான். எங்கள் வீட்டில் பதறாதே என்றால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். நேரே மேனேஜரிடம் போய் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அப்செட்டாக இருக்கிறாயா, லீவு வேண்டுமா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் அப்செட். பரவாயில்லை.”

கேட்டவுடன் ஆமாம் என்று கை நீட்ட நமக்கு வராதே. சாப்பிடுறீங்களா என்றால்கூட முதலில் வேண்டாம் என்றுதானே சொல்லி வளர்ந்தோம். ஊராக இருந்தால், என்னடி பரவாயில்ல, மூஞ்சியப் பாரு, கெளம்பு மொதல்ல என்று விரட்டியிருப்பார்கள். அந்த விரட்டலுக்காக அங்கேயே நின்றேன். அவரோ தோளைத் தட்டி, தைரியசாலி என்று சொல்லிவிட்டு, வழக்கமான ஷிப்ட்டிலேயே என் பெயரைப் போட்டார். சொன்னதைச் சொன்னபடி நம்புவது அவர்கள் மரியாதை. மறுபடி போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வார விடுமுறையோடு சேர்த்துப் போய்க்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அப்பா காத்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அத்தைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தம்பி மட்டும் கிட்டே வரவில்லை. சாயங்காலம்தான் பேசினான்.

“நான்தான் சொன்னேனேக்கா. உனக்குமா புரியல?”

புரிந்தது என்று எப்படிச் சொல்வேன்? லீவு கிடைக்கலடா என்றேன்.

“கேட்டியா?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வந்து வேலைக்குப் போன அன்று மேனேஜர் மறுபடி விசாரித்தார். ரொம்ப அப்செட் என்றேன். மறுகேள்வி இல்லை, ஒரு வாரம் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார். இவ்வளவு லேசாகக் கிடைப்பதா அது? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அறைக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, ஒரு வாரம் லீவு குடுத்திருக்காங்கடா என்றேன்.

“இப்ப வந்து யாரக்கா பாக்கப் போற” என்றான். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்த பிறகும் குளிர்கோட்டைக் கழற்றாமல், உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.