உப்பில்லாத ஒன்பது நாள்

முதலில் மாறியது சிறுநீரின் நிறம். பால் ஊற்றாத டீயைப் போல இருந்தது.

ஒடிசாவில் போர்வெல் லாரியில் வேலை செய்தபோது எனக்கு மலேரியா வந்தது. சித்தேரி மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி, அரூரில் வாங்கிய மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்தேன். காய்ச்சல் விட்டது. மறுபடி எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் கண்ணும் மஞ்சளானது.

அம்மா அந்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார்.

"நீதான் படிச்சவன். என்னான்னு போட்டுருக்குது, பாத்துச் சொல்லு கண்ணு."

"மலேரியா இல்லம்மா. இது காமாலை."

தாளில் காமாலை என்று எங்கும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மோரில் கீழாநெல்லி, உப்பில்லாத களி. எனக்காக அம்மாவும் உப்பை விட்டார். பத்தாம் நாள், நான்கு வீடு தூரம்கூட நடக்க முடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தருமபுரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் நான்குதான் இருந்தது. கூம்ப்ஸ் டெஸ்ட் (சிவப்பணுக்கள் மேல் நம் உடம்பின் எதிர்ப்பொருளே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்தது.

"மலேரியா போயிடுச்சு தம்பி," என்றார் டாக்டர். "அத அடிக்கக் கெளம்புன எதிர்ப்பு சக்தி இன்னும் நிக்கல. உங்க சிவப்பணுவையே உடைக்குது. கண்ணு மஞ்சளானது அதனாலதான். ஈரல் நல்லாத்தான் இருக்கு."

ரத்தம் கொடுக்க அம்மாவின் தம்பி வந்தார். அவருக்கும் என் ரத்த வகைதான்.

"லாரிக்குப் போறவனுக்குப் பொண்ணு இல்லன்னுட்டேன். ரத்தத்தயாவது எடுத்துக்கடா மாப்ள."

பொருத்திப் பார்த்தார்கள். சேரவில்லை. ரத்த வங்கியில் இருந்த பைகளும் சேரவில்லை. என் எதிர்ப்பொருள் யாருடைய சிவப்பணுவையும் விடவில்லை.

"பாருங்க, இப்ப இவன் வேணாங்கிறான்," என்று மாமா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மாமாவும் நிறுத்திக்கொண்டார்.

ஸ்டீராய்டு (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். அது வேலை செய்யும்வரை உயிர் தாங்க வேண்டும் என்று, இருந்ததில் குறைவாக மோதிய ஒரு பை ரத்தத்தை மிக மெதுவாகச் செலுத்தினார்கள். ஒரு நர்ஸ் கட்டிலை விட்டு நகரவே இல்லை. அந்த வாரக் கடைசியில் ஹீமோகுளோபின் நான்கிலிருந்து ஆறானது.

அன்று அம்மாவிடம் சொன்னேன்: "தாள்ல காமாலைன்னு போடலம்மா. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"சரி, கஞ்சி ஆறுது, குடி."

மலேரியா மாத்திரை முடிந்தும் சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால், காமாலை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நான்கு மாதமும் கடந்துவிட்டது; அந்த வார்டில் என்னுள் ஓடிய சிவப்பணுக்கள் இப்போது என்னிடம் இல்லை. ஸ்டீராய்டையும் டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். காலையில் கீழ் இமையை இழுத்து நிறம் பார்க்கிறேன். மேட்டில் மூச்சு வாங்கினால் நின்றுவிடுகிறேன். முன்பு நிற்க வெட்கப்படுவேன்.

போன வாரம் புதிய பரிசோதனைத் தாளை அம்மா நீட்டினார். முழுக்கப் படித்தேன்.

"ஒரு எடம் புரியலம்மா. டாக்டரக் கேக்கணும்."

"கேட்டுக்கலாம்," என்று தட்டை என் பக்கம் தள்ளினார். களியில் உப்பு சரியாக இருந்தது.