ஒரே எண்ணில் இரண்டு கம்ப்யூட்டர்

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பு. ஐந்தையும் கேபிள் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இன்றைக்கு ஐ.பி. முகவரி என்கிறார்களே, அந்த மாதிரி. அன்றைக்கு அதற்குக் கம்ப்யூட்டரின் முதுகில் எள்ளளவு சுவிட்சுகள் இருக்கும். கையால் மேலும் கீழும் தள்ளி எண்ணை வைக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் வந்துவிட்டால் இரண்டும் படுத்துவிடும். அதனால் எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பற்றி எனக்குக் கர்வம்கூட உண்டு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்றே தலைவலி ஆரம்பித்தது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். டைப் செய்கிற பெண் தன்னுடையதைப் போட்டதும் இரண்டும் நின்றுவிடும். சரக்குச் சீட்டு வராது. லாரிகள் வாசலில் காத்துக்கிடக்கும். அந்தப் பெண் பக்கத்துப் பென்னலூர்க்காரி. தொழிற்சாலைக்காக நிலத்தைக் கொடுத்த குடும்பம். அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அதற்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

மூன்று நாள் கேபிளை மாற்றினேன், முனைகளைக் கழற்றி மாட்டினேன், மேஜைக்கடியில் தவழ்ந்தேன். எண்ணை மட்டும் பார்க்கவில்லை. என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறதே, அது எப்படித் தப்பாகும்? அப்படி ஒரு திமிர்.

நான்காம் நாள் மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னாய்யா, இன்னும் சரியாவலியா?"

"அந்தப் பொண்ணோட மிஷினைப் போட்டாத்தான் சார் நிக்குது."

நான் மிஷினைத்தான் காட்டினேன். அவர் பெண்ணைப் பார்த்தார்.

"பூஜை போட்ட மிஷின்யா அது. இந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்ல. அத்தப் போடாம வுட்டுப் பாரு."

எல்லார் எதிரிலும்தான் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கம்ப்யூட்டரைப் போடாமல் விட்டோம். மற்ற நான்கும் அழகாக ஓடின. அதற்குமேல் அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோளாறு என்னவென்றே தெரியாதவன் எதைப் பேசுவது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அவளுடைய கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றும்போதுதான் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சுவிட்ச் இடம் மாறியிருந்தது. நோட்டில் மூன்று என்றிருந்த எண் இதில் ஏழாகியிருந்தது. ஏழு, ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரின் எண். சுவிட்ச் இடுக்கில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜைக்கு ஐந்தையும் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான். வேறு யாரையும் தொடக்கூட விடவில்லை.

பேனா முனையால் சுவிட்சைத் தள்ளி, கேபிளை மாட்டி, ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் போட்டேன். இரண்டும் ஓடின. ஒரு நிமிஷ வேலை. நேராக மேனேஜரிடம் போனேன்.

"கேபிள்லதான் சார் கோளாறு. சரி பண்ணிட்டேன்."

அதைத்தான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலை பார்த்ததற்கான சான்றிதழ் வாங்க வந்தாள். போகும்போது என் மேஜையருகில் நின்றாள்.

"மிஷின் இப்போ ஓடுதா சார்?"

"ஓடுதும்மா."

"நிக்கவே இல்லியா?"

"இல்ல."

"அப்போ எங்கிட்டதான் இன்னாவோ கீது சார். எங்க அண்ணிக்குக் கொழந்த பொறந்துகீது. எங்கையால தூக்கலாமா வேணாமான்னு பயந்துகினு கீறேன்."

"தூக்கும்மா, ஒண்ணும் ஆவாது" என்றேன். ஏன் ஆகாது என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை.