வரப்பு மண்

சூலக்கரையில் எங்கள் வேளாண்மை ஆபீசில் ஓர் அறையை ஒழித்து, மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் பக்கம் நடந்த பழைய வேலைகளையெல்லாம் படமாக மாட்டச் சொன்னார்கள். மண்தான் போயிற்று, படமாவது இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன். முதல் படம் எங்கள் மானாவாரிக் காட்டு வரப்பாக இருக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வரப்பு போடும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரியாக இருந்தவர். அவர் முதன்முதலில் போட்டது அதுதான். கரிசல் கோடையில் வெடித்துவிடும் என்று, ஓடைச் சரளையை மேலே பரப்பி, கொழுக்கட்டைப் புல் நட்டு, சரிவுக்குக் குறுக்கே போட்ட வரப்பு. மழைத் தண்ணீர் அதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அந்தக் காட்டைப் பட்டாசுக் கம்பெனிக்கு விற்று இரண்டு மழை போயிருந்தது.

"வரப்பை என்ன செய்யப் போறாக? அது பாட்டுக்குக் கெடக்கும்லே" என்றார் அப்பா. அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கேமராவோடு போனேன்.

தங்கை அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அவள் சொல்லி வைத்திருந்ததால் வாட்ச்மேன் உள்ளே விட்டார். வரப்பு இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவித் தடவித் தேடினார்.

"அந்த மண்ணையா தேடுதீக? அங்கன பாருங்க" என்று வாட்ச்மேன் வெடிமருந்து கலக்கும் அறையைக் காட்டினார். வெடித்தால் தீ பக்கத்து ஷெட்டுக்குப் பாயாமலிருக்க, அறையைச் சுற்றி மண்ணை மேடாகக் குவித்திருந்தார்கள். அதில் சரளையும் காய்ந்த புல் வேரும் தெரிந்தன.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. படம் எடுக்கக் கைகூட எழவில்லை.

"போவோமாப்பா?" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. "எம் மக எங்கன உக்காந்து வேலை பாக்கா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டார். மேட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த ஷெட்டை வாட்ச்மேன் காட்டினார்.

அப்பா மேட்டை ஒட்டிப் போய் நின்றார். அது அவர் நெஞ்சு மட்டத்துக்குத்தான் இருந்தது. அவர் முகத்திலும் ஒன்றுமில்லை. வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"இது பத்தாது தம்பி. இன்னும் ரெண்டு முழம் ஒசத்தச் சொல்லுங்க. வடக்குக் காடு எங்க கையிலதான் இருக்கு. அங்கனயும் நான் போட்ட வரப்பு ஒண்ணு கெடக்கு. வந்து அள்ளிக்கிடுங்க."