வடக்குப்பட்டில் பாதி ஒளிர்ந்த நெல்

2011 டிசம்பர், திங்கட்கிழமை. கோவையிலிருந்து கிளம்பிய பேருந்து விடியற்காலையில் என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஏறி, ஒரகடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குச் சீட்டு வாங்கினேன். பனி மூடிய சாலையில் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உள்ளே ஒரே நிறச் சட்டைக்காரர்கள் எல்லோரும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். எனக்கும் அரைத் தூக்கம்தான்.

நான் செடிகளின் குரோமோசோம்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கிறவன். வடக்குப்பட்டு ஏரியை ஒட்டிய பள்ளத்தில் ஒரு காட்டு நெல் உண்டு. கதிர் விடும், மணி பிடிக்காது. இரண்டு வேறு இனங்கள் கூடிப் பெற்ற பிள்ளையோ என்று எனக்குச் சந்தேகம். விதை கிடைக்காததால் இரண்டு முறை தூரோடு பெயர்த்துப் போனேன். இரண்டு முறையும் கோவையில், எங்கள் ஆய்வகம் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் அழுகிப்போனது. இப்போதோ அந்தப் பள்ளத்தைத் தொழிற்சாலைக்காக நிரவுகிறார்கள். செல்கள் பிரிந்துகொண்டிருக்கும் வேர்நுனியை அங்கேயே வெட்டிப் பதப்படுத்தினால்தான் உண்டு.

காலை ஒன்பது மணி. ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டு போய் ஸ்டெல்லா அக்கா வீட்டில் இறங்கினேன். கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர். மாடி அறையை வெளியூர்த் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். போன முறை பள்ளத்துக்கு வழிகாட்டியது அவர்தான். இப்போது சிரித்தபடி வாசலில் நின்றார், கையில் ஒரு நாற்றுமுடியோடு.

"லாரி மண்ணு கொட்டிகினு கீது சார். ஒரே குத்துதான் மிச்சம். நீங்க வர்றதுக்குள்ள மூடிடுவானுங்கோன்னு நானே எறங்கிப் பறிச்சிட்டேன். பாருங்க, இன்னா சுத்தமா கீது!"

நடவு வேலை பழகிய கை. வேரைக் கணுக்காலில் அடித்து மண்ணை உதிர்த்து, அலசி, வைக்கோலால் கட்டியிருந்தார். அடித்த அடியில் வேர்நுனி ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"தட்டாம எப்டி சார் நாத்து பறிக்கிறது?" என்றவர் முகம் சுண்டிப்போயிற்று.

நெல் தண்ணீரில் நின்றால் புதுவேர் விடும். ஆனால் இந்த நெல் என்னிடம் பிழைத்ததில்லை. ஏரித் தண்ணீரிலேயே வைத்துக் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அக்கா ஒரு வாளி கொடுத்து, மாடி அறையில் தங்கச் சொன்னார்.

செவ்வாய். அறையில் திருநெல்வேலிக்காரர்கள் மூன்று பேர்; ஆளுக்கொரு ஷிப்ட், மூவருக்கும் ஒரே பாய். ஒருவர் எழுந்துபோனால் அந்தச் சூட்டிலேயே அடுத்தவர் வந்து படுக்கிறார். பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். நானும் எந்த நேரம் தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று தெரியாமல் கிடந்தேன். வேலை முடிந்து வருகிறவர் படுக்குமுன் ஏரிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படியே முறையாகிவிட்டது.

மூவரில் சுடலை கார் கம்பெனியில் பெயின்ட் அடிப்பவர்.

"டேப் ஒட்டி மறைக்கலன்னா எங்க பெயின்ட் எல்லா எடத்துலயும் ஏறிரும். ஒங்க பெயின்ட் எப்படி சார் எடம் பாத்து ஒட்டுது?"

"வயல்ல வெளையுற நெல்லோட டி.என்.ஏ.வை எடுத்து, ஒளிர்ற பச்சைச் சாயம் ஏத்தி, இதோட குரோமோசோம் மேல விடுவேன். சொந்தம் இருக்கிற எடத்துல மட்டும் ஒட்டிக்கும். மத்தது நீலமா நிக்கும்."

"அப்போ யாரு பெத்த பிள்ளைன்னு தெரிஞ்சிரும்லா!" என்றார்.

வியாழன், காலை பத்து மணி. வாளிக்குள் வேகவைத்த சேமியா போல வெள்ளை வேர்கள் மிதந்தன. சுடலை வல்லக்கோட்டை ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தார். நுனிகளை வெட்டி, செல் பிரிவது பாதியில் அப்படியே நிற்கட்டும் என்று ஐஸ் தண்ணீரில் வைத்து, பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலுக்கு மாற்றினேன். ஸ்டெல்லா அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றே பார்த்தார். "நான் தொட மாட்டேம்பா!" அந்த நேரம் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என்னோடு வந்தால் செத்துவிடும் என்று தூரை வாளியோடு அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மார்ச் மாதம், கோவை. இருட்டறையில் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பத் திருப்பக் கணினித் திரையில் குரோமோசோம்கள் மெல்லத் தெளிந்தன. இருபத்து நான்கில் பன்னிரண்டு பச்சையாக ஒளிர்ந்தன. பன்னிரண்டு நீலம். என் சந்தேகம் சரிதான். உடனே சுடலையைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒரு பக்கம் நம்ம நெல்லுதான், சுடலை!"

"அப்போ இன்னொரு பக்கம் யாரு சார்?"

நெல்லின் மகரந்தம் வெகுதூரம் போகாது. அந்த இன்னொரு செடியும் அதே பள்ளத்தில்தான் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"காம்பவுண்டு கட்டி, உள்ள சிமென்ட் தளம் போட்டுட்டாவ சார். வாளி நெல்லுக்கு நாங்கதான் இன்னும் தண்ணி மாத்துதோம்."

எங்கள் கண்ணாடி வீட்டில் ஒவ்வொரு தொட்டியிலும் பெயர் எழுதிய அட்டை உண்டு. திரையிலிருந்த அந்த நீலப் பன்னிரண்டுக்குப் பெயர் இல்லை. அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதன் பிள்ளை மட்டும் வடக்குப்பட்டு மாடி அறையில், ஒரு வாளித் தண்ணீரில் நிற்கிறது.