அரைச் சுற்று முன்னதாக அடித்த மணி

நகரத்தின் உள்ளரங்கத்தைக் கட்டியவர்கள் தீர்க்கதரிசிகள். மனிதப் பிறவிக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே கூரைக்குள் அடக்கிவிட்டார்கள். ஒரு நாள் பட்டமளிப்பு, இன்னொரு நாள் பட்டம் வாங்கியவர்கள் வேலை கேட்டு நிற்கும் வரிசை, அடுத்த நாள் குளியலறைச் சாமான் கண்காட்சி. இவை எல்லாவற்றையும் சுற்றி, கிண்ணத்தின் உட்பக்கம் போலச் சாய்ந்த மரப்பலகைப் பாதை. அதில் பிரேக் இல்லாத சைக்கிள்கள் பறக்கும்.

அங்கே நாற்காலி போடச் சேர்ந்த ஒருவருக்குப் பணிக்காலத்தில் கிடைத்த ஒரே பதவி உயர்வு, மணி. பந்தயத்தில் முதலில் வருபவர் கடைசிச் சுற்றைத் தொடங்கும்போது, கோட்டருகே நின்று அதை அடிக்க வேண்டும். சம்பளம் கூடவில்லை, சட்டை ஒன்று கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் 'லாஸ்ட் லேப் அண்ணன்'. "இவங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று மனைவி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

மணியடிப்பதில் அவருக்கு ஒரு நெறி உண்டு. முகம் பார்க்க மாட்டார். தரைக் கோட்டிலேயே கண்ணை நட்டு, சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பார். கோட்டை முதல் சக்கரம் தொட்டதும் கை தானாக எழும். "யாருண்ணே ஜெயிச்சது?" என்று கேட்டால், "ஒரு டயர்" என்பார்.

இந்த நெறிக்கு வந்த சோதனை, அவருடைய ஒரே மகள். நகர அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். ஓட்டுபவர்கள் எட்டுப் பேர், இடம் ஆறு பேருக்கு. அடுத்த ஆண்டு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"அப்பா, இன்னிக்கு நீங்க மணி அடிக்காதீங்க," என்றாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஏன், என் கை நடுங்குதா?"

"எனக்கு நடுங்குது."

"உன்னைப் பார்க்கவே மாட்டேம்மா. இத்தனை வருஷத்துல நான் யாரைப் பார்த்திருக்கேன்?"

"அதான்ப்பா," என்றாள்.

அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் மீன்முள்ளாய் மாட்டிக்கொண்டது.

பந்தயம் பாதியைத் தாண்டியதும் மகள் கூட்டத்திலிருந்து கழன்றாள். கொஞ்சம் கொஞ்சமாய்ப் பின்தங்கி, அரைச் சுற்று இடைவெளி விழுந்துவிட்டது. வட்டப்பாதையின் விஷமமே அங்கேதான். அரைச் சுற்று பின்னால் இருப்பவரும் அரைச் சுற்று முன்னால் இருப்பவரும் பார்வைக்கு ஒன்றே. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நம் அண்ணன், சுற்று எண்ணிக்கை முடியப்போகும் நேரத்தில், ஆயுளில் முதன்முறையாக நிமிர்ந்தார். மகள் தனியாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

அடித்துவிட்டார். சும்மா இல்லை, அரங்கமே அதிர.

எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஏழு பேரும், கடைசிச் சுற்று பாதி ஓடிவிட்டது போலிருக்கிறது என்று பதறி, உயிரைக் கொடுத்து மிதித்துக் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினார்கள். முழுதாக ஒரு சுற்று மிச்சமிருந்தது.

"பொண்ணுக்காகத்தான்யா குழப்பிவிட்டாரு!" என்று ஒரு தகப்பனார் தடுப்பின் மேல் ஏறாத குறை. தலைமை நடுவர் வந்தார். மைக் செட்காரர் அண்ணனின் காதைக் கடித்தார்: "என் மைக் இரைச்சல்ல எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னு சொல்லுங்கண்ணே. மைக்குக்கு மானமா ரோஷமா?"

சொல்லியிருக்கலாம். மணியும் மிஞ்சியிருக்கும். ஆனால் மகள் பக்கத்திலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"என் பொண்ணு முதல்ல வர்றான்னு நெனச்சுட்டேன் சார்."

நடுவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கோபித்த தகப்பனார்தான் அதிகமாகச் சிரித்தார். மகள் குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஷூ பட்டையை இறுக்கினாள்.

தீர்ப்பு: ஓய்வுக்குப் பின் மறுபந்தயம். மணி, மைக் செட்காரரிடம். அண்ணன், பார்வையாளர் பகுதிக்கு.

அங்கிருந்து முகம் தெரிந்தது. வளைவு ஏறும்போதெல்லாம் அவள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தாள். கூட்டம் நழுவும்போது கண்ணை இறுக மூடித் திறந்து மறுபடி ஒட்டிக்கொண்டாள். இதுவா வாரா வாரம் தன் மூக்குக்கு முன்னால் நடந்தது? அவர் எழுந்துவிட்டார். "பாப்பா! விடாதடி! விடாதடி பாப்பா!" என்று கத்திய கத்தலில், "உக்காருங்கண்ணே, மறைக்குது," என்றார் காவலாளி.

அவள் விடவில்லை. ஏழாவதாக வந்தாள்.

நடுத்திடலில் ஒரு பாயில் அவள் மல்லாந்து கிடந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

"ம்."

"நெஜமாவே நான் முதல்ல வர்றேன்னு நெனச்சீங்களா?"

"அடிச்சு முடிக்கிற வரைக்கும் நெனச்சேம்மா."

அவள் முழங்கையால் கண்களை மறைத்துக்கொண்டாள். வெகுநேரம் தோள் குலுங்கியது. ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தக் கத்தல்... நீங்கதானா?"

"ஆமா."

"ரொம்பக் கேவலமா இருந்துச்சு," என்றாள், கண்ணை மறைத்தபடியே. இன்னொரு கை அவருடைய சட்டை நுனியைப் பிடித்திருந்தது. அவர் எழப்போனபோதும் அது விடவில்லை.