எட்டு வேளையும் 4.2

ஆனந்தன் எங்கள் சுகாதார நிலையத்து வராந்தாவில் உட்கார வரும்போது முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி பெஞ்சின் இடது ஓரத்தில் வைப்பார். அதன் பக்கத்தில் வண்டிச் சாவி. அதற்கும் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பார். கிளம்பும்போது லேப்டாப்பை மூடி, பாட்டிலை எடுத்து, சாவியை எடுத்து, கடைசியாகக் கடிகாரத்தைக் கட்டுவார். வைத்த வரிசைக்கு நேர் தலைகீழ். மழை கொட்ட ஆரம்பித்து எல்லோரும் உள்ளே ஓடிய நாளிலும் அவர் இந்த வரிசையை விடவில்லை.

ஒருநாள் துப்புரவு வேலை பார்க்கும் சம்பூர்ணம் அக்கா, பெஞ்சைத் துடைக்க வசதியாக அவருடைய சாவியை மட்டும் ஜன்னல் கட்டையில் எடுத்து வைத்துவிட்டார். ஆனந்தன் பாட்டிலை எடுத்தார். அடுத்து நீண்ட கை வெறும் பலகையில் நின்றது. ஜன்னலில் இருந்த சாவியைக் கொண்டுவந்து பெஞ்சில் அதன் இடத்தில் வைத்தார். வைத்த பிறகு மறுபடி எடுத்தார்.

“இன்னாப்பா, ஜன்னல்லயிருந்து எடுத்தா சாவிக்கு வலிக்குமா?”

“பழக்கங்க்கா. வேலையில வந்தது.”

“நானுந்தான் இருவது வருசமா கக்கூஸ் கழுவறேன். மூக்கு போனத தவிர எனக்கு இன்னா வந்துது?”

அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்ப்பவர்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆனந்தனின் ஊர் இந்த மலையில் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே. அப்பா சடையன் சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் போடுகிறார். பத்து புளியமரம் இருக்கிறது. ஆனந்தன் வேலூரில் பொறியியல் படித்து, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, கொரோனாவில் ஊருக்கு வந்தவர். திரும்பிப் போகவில்லை, இங்கிருந்தே வேலை பார்த்தார். வீட்டில் சிக்னல் கிடையாது, எங்கள் நிலையத்துக்கு இணைய இணைப்பு உண்டு. டாக்டரம்மா வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார். நான் போளூர்க்காரன். இங்கே ஒப்பந்தத்தில் கணினிப் பதிவு வேலை. என் ஜன்னலுக்கு வெளியேதான் அவருடைய பெஞ்சு. மூன்று வருஷத்தில் நாங்கள் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். என் மேசையில் கிடந்த கவிதைத் தொகுப்பைப் புரட்டிவிட்டு, “கடைசி வரி ஏன் பாதியில நிக்குது?” என்று ஒருமுறை கேட்டார். நான் யோசிப்பதற்குள், “எங்க வேலையில அப்படி நின்னா ஆளத் தூக்கிடுவாங்க” என்றார்.

என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது எங்கள் மருந்தறையால்தான். அந்த அறையைத் திறக்க இரண்டு பொருள் வேண்டும்: சாவி, பதிவேடு. பதிவேட்டில் எழுதாமல் திறக்கக் கூடாது என்பது நிலையத்து வழக்கம். ஒரு மத்தியானம் பதிவேடு என்னிடம் இருந்தது. சாவி ரேணுகாதேவி சிஸ்டரிடம். நான் சாவிக்காக அறை வாசலில் நின்றேன். சிஸ்டர் பதிவேட்டுக்காக எனக்கு எதிரே நின்றார். கேட்கக் கூச்சப்பட்டு நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ எழுதுகிறேன் என்று நினைத்து அவரும் பேசாமல் நின்றார். கால் மணி நேரம் போயிருக்கும். வராந்தாவிலிருந்து சத்தம் கேட்டது. ஆனந்தன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

“நான் பாக்கறதே இதுதான் சிஸ்டர்” என்றார். “கம்ப்யூட்டருக்கு நடுவுல கெர்னல்னு ஒண்ணு கீது. உள்ள நூறு பேரு வேல செய்றான்னு வெச்சிக்கோங்க. ஒருத்தன் ஒரு பொருள எடுக்கும்போது அடுத்தவன் தொடாம இருக்க அதுக்கு ஒரு பூட்டு. ஒருத்தன் நோட்டப் பூட்டி வெச்சிக்கினு சாவிக்கு நிப்பான். இன்னொருத்தன் சாவியப் பூட்டி வெச்சிக்கினு நோட்டுக்கு நிப்பான். ரெண்டு பேரும் நின்னுக்கினே இருப்பாங்க.”

“எத்தினி நேரம்?”

“கரண்ட்ட புடுங்கற வரைக்கும்.”

“அதுக்கு இன்னா செய்வீங்க?”

“வரிசை. யாரா இருந்தாலும் மொதல்ல நோட்டு, அப்புறம் சாவி. மாறக் கூடாது. ஆயிரக்கணக்கான பூட்டு இருக்கும், எவன் எங்க மாத்தி எடுக்கிறான்னு கண்ணால பாக்க முடியாது. அதுக்குன்னு ஒரு கண்காணிப்பான் கீது. யாரு எந்தப் பூட்டுக்கு அப்புறம் எந்தப் பூட்ட எடுத்தான்னு எழுதிக்கினே இருக்கும். தலைகீழா ஒரு தடவ எடுத்தத பாத்தா போதும், கத்தும். ரெண்டு பேரும் மாட்டிக்கினு நிக்கவே வேணாம்.”

“அப்ப அத்த வாங்கி எங்க மருந்து ரூம்ல மாட்டுப்பா” என்றார் சம்பூர்ணம் அக்கா.

அன்றிலிருந்து நிலையத்தில் முதலில் நோட்டு, பிறகு சாவி என்று ஆனது. சிஸ்டர் கதவில் எழுதியே ஒட்டினார்.

அவருடைய கம்பெனி தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்தது. பரிசோதனைக்காக ஆறு இடத்தில் பெட்டி வைத்தார்கள். ஐந்து கீழே சமவெளியில். ஆறாவதை எங்கள் நிலையத்துக்கு எழுதி வாங்கியவர் ஆனந்தன்தான். “எங்க புள்ளைங்களுக்கு ஊசி கெடக் கூடாது” என்றார். முகப்பில் சின்னத் திரை. உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும்; இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சிஸ்டர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார், நான் கணினியில் ஏற்றுவேன். ஊசி போடும் நாள் தவிர மூடியைத் திறக்கக் கூடாது என்பது விதி.

ஆடிக் காற்றில் இங்கே கரண்ட் நிமிஷத்துக்கு ஒருமுறை போய் வரும். அந்த மாதம் ஒரு புதன்கிழமை, ஊசி போட வந்த ஏழு குழந்தைகள் வராந்தாவில் அழுதுகொண்டிருக்க, சிஸ்டர் மூடியைத் திறந்தார். வெளியே வந்த காற்றில் குளிர்ச்சியே இல்லை. உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் இருபத்திரண்டு காட்டியது. திரையில் 4.2 என்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி மாட்டிய பிறகுதான் அந்த எண் அசைந்தது.

மருந்து எல்லாம் வீண். பதிவேட்டைப் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி புதன் காலை வரை எட்டு வேளை. எட்டிலும் 4.2 என்று சிஸ்டரின் கையெழுத்து. பார்க்காமலே எழுதிவிட்டார், மூடியைத் திறந்து போட்டுவிட்டார் என்று மெமோ வந்தது. அடுத்த வியாழன் திருவண்ணாமலையில் விசாரணை. சிஸ்டர் பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் இருப்பவர். நிரந்தரப் பட்டியலில் அந்த வருஷம்தான் பெயர் ஏறியிருந்தது.

“நான் பாத்துதான் எழுதினேன் ஆனந்தா” என்றார்.

“தெரியும் சிஸ்டர். பெட்டிதான் நின்னு போச்சு. நான் எடுத்துக் காட்டறேன்.”

எட்டு நாள் இருந்தது. பெட்டியில் ஏன் தடயமே இல்லை என்று அவர் எனக்குச் சொன்னார். கண்காணிப்பான் ஓடினால் வேகம் குறையும். அதனால் வெளியே அனுப்பும் பெட்டியில் அதை வைப்பதில்லை. கரண்ட் போகும் நொடியில், குளிரைக் கவனிப்பதும் திரைக்கு எண் தருவதுமான இரண்டு நிரல்கள் இரண்டு பூட்டை மாற்றி எடுத்து நின்றிருக்க வேண்டும், மற்றதெல்லாம் ஓடியபடியே இருந்ததால் கருவி தன்னை நலமாக நினைத்துக்கொண்டிருந்தது என்பது அவர் ஊகம். கண்காணிப்பான் சேர்த்த கெர்னலைக் காலியான பெட்டியில் ஏற்றி, ஒயர் போட்டு லேப்டாப்பில் இணைத்தார். லேப்டாப் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மூன்றாவது நொடியில் சிவப்பாக ஒரு பத்தி வந்து மேலே போனது.

“இன்னா அது செவப்பா?” என்று சம்பூர்ணம் அக்கா கேட்டார்.

“அது பழசுக்கா. எப்பவும் வரும், ஒண்ணும் பண்ணாது.”

பிறகு கரண்டை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். அக்கா சுவிட்சில் கை வைத்திருந்தார். ஆனந்தன் தலையாட்டினால் தட்டுவார், நான் கோடு போடுவேன். முதல் நாள் நாற்பது. இரண்டாம் நாள் அறுபது. பிறகு விதத்தை மாற்றி, மூடியைத் திறந்து வைத்து, பேட்டரியின் சார்ஜை இறக்கி, மறுபடி எழுபது. பெட்டி ஒழுங்காக பேட்டரிக்குப் போய், ஒழுங்காகத் திரும்பியது. லேப்டாப்பில் ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லை.

“கீழ கட்சி மீட்டிங்குல கூட இத்தினி தடவ லைட்ட அணைக்க மாட்டாங்க” என்றார் அக்கா.

பெங்களூரிலிருந்து மேலாளர் பேசினார். ஆனந்தன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அதனால் கேட்டது. லேபில் நாற்பது நாள் கண்காணிப்பானோடு ஓட்டியாயிற்று, ஒரு முணுமுணுப்பும் இல்லை, எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதே என்றார். பேசி முடித்து ஆனந்தன் பெட்டியின் ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“மாட்டிக்கினு நிக்கறது லட்சத்துல ஒரு தடவதான் வரும். அது வரலன்னா புரியுது” என்றார் என்னிடம். “ஆனா மாத்தி எடுக்கறத ஒரு தடவ பாத்தாலே இது கத்தணும். கத்தல. அப்ப பூட்டுல தப்பில்லையோ?”

நான் கோடுகளை எண்ணினேன். புதன்கிழமை சாயங்காலம் இருநூற்றுப் பதினொன்று இருந்தது. அவர் லேப்டாப்பை மூடினார். கடிகாரத்தை எடுத்தார். பிறகு பாட்டில். சாவியை மறந்து வண்டிவரை போய்த் திரும்பி வந்தார்.

விசாரணைக்கு சிஸ்டரும் ஆனந்தனும் நானும் முதல் பேருந்தில் போனோம். சிஸ்டர் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அதிகாரி பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

“எட்டு வேளையும் 4.2. ஜுரக்காரனுக்குக்கூட வேளைக்கு ஒரு சூடு காட்டும்மா.”

“அதுல அதான் சார் இருந்துது.”

“ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?”

“4.2 நல்ல நம்பர் சார். நல்லா இருந்தா எதுக்கு சந்தேகப்படணும்?”

என்னிடம் கேட்டார், திரையைப் பார்த்தாயா என்று. நான் பதிவேட்டைத்தான் பார்த்தேன். அப்படியே சொன்னேன். தினமும் பெட்டியைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன். ஒருநாள்கூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஆனந்தனிடம். “நீங்கதான பெட்டிக்கு ஆளு? கோளாறு இருக்கா, இல்லையா?”

சிஸ்டர் ஆனந்தனையே பார்த்தார்.

“இருக்கலாம் சார்.”

“கண்டுபிடிச்சீங்களா?”

“இல்ல சார். இருநூத்திப் பதினோரு தடவ செஞ்சி பாத்தோம். வரல.”

“இருநூத்திப் பதினோரு தடவ நல்லா வேலை செஞ்சிருக்கு, அப்படித்தானே?”

அதிகாரி எழுதிக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் சிஸ்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஆனந்தன் பின் இருக்கையில். ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது, “நீ பொய் சொல்லல, அது போதும்” என்றார் சிஸ்டர். ஆனந்தனுக்கு அது போதுமானதாக இல்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

ஆவணி கடைசியில் உத்தரவு வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் சிஸ்டர் பதிவேட்டின் மேல் சாவியை வைத்து, இரண்டையும் ஒன்றாக என் கையில் கொடுத்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கவா என்று கேட்டேன். “இருக்கட்டும். வர்றவங்களுக்கு ஆவும்” என்றார். இப்போது திருப்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறார் என்று கேள்வி. பெட்டியை வந்து எடுத்துப் போனார்கள். ஆனந்தனும் வராந்தாவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மேலே பாறையில் சிக்னல் தேடி உட்கார்ந்திருப்பதாக அவர் அப்பா சந்தையில் சொன்னார். பெஞ்சில் இப்போது நோயாளிகள் உட்காருகிறார்கள்.

தை மாதம் நிலையத்து மின்னஞ்சலுக்கு ஆனந்தனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியது, எங்களுக்கு நகல். சிஸ்டர் இருந்த இடத்தில் அதற்குள் வேறொருவர் சேர்ந்திருந்தார். அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டியது என் வேலை என்பதால் முழுக்கப் படித்தேன். கண்காணிப்பான் ஒரு தவற்றைச் சொன்னதும் தன்னை அணைத்துக்கொள்ளுமாம். அடுத்த முறை கருவியை அணைத்து ஏற்றும்வரை பூட்டுகளைக் கவனிக்காது. மூன்றாவது நொடியில் வந்த அந்தச் சிவப்புப் பத்திதான் அது சொன்ன ஒரே தவறு. லேபின் நாற்பது நாளும், எங்கள் எட்டு நாளும், அது மூன்று நொடிதான் விழித்திருந்தது. அந்தப் பத்தியை வரவழைத்த, கெடுதல் இல்லாத நிரல் வரியை 2019இல் எழுதியவர் ஆனந்தன். அதை நீக்கிவிட்டுப் பெட்டியை ஓட்டியபோது, கரண்டை முதல் தடவை நிறுத்திய உடனே கண்காணிப்பான் தலைகீழாக எடுக்கப்பட்ட இரண்டு பூட்டுகளின் பெயரையும் காட்டிவிட்டது.