ஒரே தவணை

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் எங்கள் சங்கம் மைக் அக்காவை வைத்துக்கொண்டது.

அக்கா பெண்கள் வார்டில் உதவியாளர். படுக்கை விரிப்பு மாற்றுவது, எழுந்திருக்க முடியாதவர்களுக்கு உடம்பு துடைத்துவிடுவது, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர் வேலை. வார்டின் ஒரு கோடியில் நின்று ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால், மறு கோடியில் உள்ளவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து உட்காருவார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"நான் தூங்க வைக்கிறவங்களை எல்லாம் நீங்க எழுப்பி விட்டுடுறீங்க."

"பில்லு வர்றதுக்குள்ள எழுந்திருக்கணுமே டாக்டர்" என்றார் அக்கா.

வளாகத்தின் பின்பக்கம், நான் வேலை செய்யும் சலவைக் கூடத்தை ஒட்டி, குறைந்த சம்பளக்காரர்களுக்கான குவார்ட்டர்ஸ் இருக்கிறது. அக்காவுக்குத் தரைத்தளத்தில் வீடு. அடுத்த கதவு என்னுடையது. அவர்கள் வீட்டில் என்ன பேசினாலும் பாதிதான் எனக்குக் கேட்கும். அக்காவின் பாதி.

அவர் கணவர் தையல்காரர். முன்பு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இருந்தார். முழங்கால் போன பிறகு வீட்டு முன்னறையின் ஜன்னல் ஓரம் மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ்கள் விடுதியிலிருந்து வார்டுக்குப் போகும் பாதை அந்த ஜன்னலைத் தொட்டுத்தான் போகிறது. போகும்போது சீருடையைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். இளைத்துவிட்டேன் என்று பிடித்துத் தைக்கக் கொடுத்த அதே நர்ஸ், கொஞ்ச நாளில் பிரித்துவிடக் கொடுப்பார். இரண்டு முறையும் தையல்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. மாடிப்படி ஏற முடியாதவருக்கு அந்தத் தரைத்தளமும் அந்த ஜன்னலும்தான் பிழைப்பு.

சம்பள உயர்வு பேசி முடித்து இரண்டு வருடம் ஆகியும் கைக்கு வரவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பேசி முடித்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை முழுவதையும் தருகிறோம், ஆனால் மாதத் தவணையாகத் தருகிறோம் என்றது. இதற்கு முன்பும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார்கள். முதல் தவணை வந்தது. இரண்டாவது தவணையைப் பற்றிக் கேட்டால், அப்போது கையெழுத்துப் போட்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். ஆகவே தவணை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் யாரும் நம்பத் தயாராக இல்லை.

வாசலில் கூடினோம். சங்கச் செயலாளர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஊசியை வலிக்காமல் போடத் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கோஷம் போடத் தெரியாது. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைப் பார்க்கவில்லை.

"தவணை வேண்டாம் தவணை வேண்டாம்! மொத்தப் பணமும் ஒரே தடவை!"

நாங்களும் சொன்னோம். நானும் வாயசைத்தேன். சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலர், பில்லைப் பற்றிய போராட்டம் என்று நினைத்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நான்காம் நாள் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போடும்போது சிரித்தார் என்று செயலாளர் வந்து சொன்னார். அது தோல்விச் சிரிப்பு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

சம்பள நாளன்று உடை மாற்றும் அறையில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் கூவின. சீட்டைத் திறந்து பார்த்தோம். சம்பளச் சீட்டில் மேல் பக்கம் ஒரு பெரிய எண் இருந்தது. அதன் கீழே பிடித்தங்கள். நிலுவை எந்தெந்த மாதத்துக்கு உரியதோ அந்தந்த மாதத்தில் போய்ச் சேராமல், கொடுத்த மாதத்தின் சம்பளமாகவே சேர்ந்திருந்தது. எங்களில் பழைய ஆள் மைக் அக்காதான். அவருக்குத்தான் நிலுவையும் அதிகம். அந்த ஒரு மாதத்துக்கு அவர் தலைமை நர்ஸைவிட அதிகம் சம்பாதித்தவர். வருமான வரியும் அந்தத் தகுதிக்கு ஏற்றபடி பிடித்திருந்தார்கள். ஓய்வூதிய நிதிக்கும் மேல்படியில் உள்ளவர்களின் விகிதம். கடன் சங்கம் பழைய பாக்கியை எடுத்துக்கொண்டது. எங்கள் சங்கம் வெற்றி நிதி என்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு நன்றி சொல்லி வாசலில் பேனர் கட்ட அந்த நிதி பயன்பட்டது.

"கையில எவ்வளவு அக்கா வந்துச்சு?" என்று கேட்டாள் சமையற்கூடத்துப் பெண்.

"பாதிகூட இல்லடி. கீழ இன்னும் ரெண்டு வரி இருந்திருந்தா நான்தான் அவங்களுக்குக் குடுக்கணும்."

வந்ததில் அன்று மாலையே அக்கா தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டினார். முழங்கால் போன மனிதர் அதுவரை காலால் மிதித்துத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பணம் தீர்ந்தது.

அடுத்த வாரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து அக்கா வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்தக் குவார்ட்டர்ஸ் ஒரு சம்பள எல்லைக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். தாங்கள் எல்லையைத் தாண்டிவிட்டதால் இரண்டு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யவும். எங்கள் வரிசையில் வேறு யார் கதவிலும் ஒட்டவில்லை. எங்கள் நிலுவை எங்களை எல்லைக்குக் கீழேயே விட்டுவைத்திருந்தது.

அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே கண்ணாடித் தடுப்பில் இடுப்பு உயரத்தில் ஒரு துளை உண்டு. எல்லோரும் குனிந்துதான் பேசுவார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றே பேசுவார், உள்ளே கேட்கும். அன்று அவரும் குனிந்தார்.

"அம்மா, எனக்கு வீடு போகுது."

கணக்கு அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். "சம்பளம் ஏறியிருக்கேம்மா."

"ஒரு மாசம் ஏறினதுதானே. அடுத்த மாசம் இறங்கிடும்."

"இறங்கும். ஆனா கம்ப்யூட்டர் ஏறினதை மட்டும்தான் பாக்கும். எல்லையைத் தாண்டின மாசம் ஒண்ணு இருந்தா போதும், பேரு போயிடும்."

"கையில வந்தது எல்லைக்குக் கிட்டகூடப் போகலையே."

"பிடிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னுதாம்மா கணக்கு. பிடிச்சதும் உங்க பணம்தானே."

அக்கா இன்னும் குனிந்தார். "தவணையா வந்திருந்தா?"

கணக்கு அம்மா பேனாவை மூடி வைத்தார். "தவணையாத் தர்றோம்னுதானே சொன்னோம்? நீங்க வாசல்ல நின்னு வேண்டாம்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஏசி ஓடுறப்பவே கேட்டுச்சு."

அவர் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார்.

"அரியர்ஸைத் திருப்பிக் கட்டிடுங்க. அந்த மாசத்தை நான் பழையபடி போட்டுடுறேன். அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுத் தர்றேன். எல்லை தாண்டாது. அதிகமாப் பிடிச்சதும் பின்னாடி மெதுவா வந்து சேரும்."

"கையில வந்ததைக் கட்டணுமா?"

"இல்ல, மொத்தமும். பிடிக்கிறதுக்கு முன்னாடி இருந்தது."

"வாங்காத பணத்தை எப்படிம்மா திருப்பிக் குடுக்கிறது?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க."

"எத்தனை பேரு கேட்டாங்க?"

"நீங்கதான் முதல் ஆளு" என்றார் கணக்கு அம்மா.

அங்கிருந்து நேராகச் சங்க அறைக்குப் போனோம். செயலாளர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க வெற்றி, வெற்றி என்று சுவரொட்டி. அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, இப்பப் போயி எங்களுக்குத் தவணை வேணும்னு கேட்டா அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அவங்கதான் ஏற்கெனவே சிரிச்சுட்டாங்களே. நீங்க வந்து சொன்னீங்க."

செயலாளர் பொதுக்குழுவில் வைத்துப் பேசலாம் என்றார். பொதுக்குழு எப்போது என்று அக்கா கேட்டார். நோட்டீஸ் கெடு முடிந்து மறு மாதம் என்று தெரிந்தது.

அன்று மாலை சுவர் வழியாகக் கேட்டது: "வேணாம்... வேணாங்கறேன்ல... கழட்டினா கடைக்காரன் பாதி விலைக்குத்தான் எடுத்துப்பான்... நீங்க பேசாம இருங்க." கணவர் பேசாமல் இருப்பதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருக்கிறார் என்று ஊகித்துக்கொண்டேன்.

மறுநாள் கடன் சங்கம். பழைய பாக்கி தீர்ந்துவிட்டதால் புதுக் கடன் தரலாம் என்றார் அங்கிருந்தவர். பழைய பாக்கி தீர்ந்ததே இந்த நிலுவையால்தான்.

"எதுக்கு இவ்வளவு பெரிய தொகை?"

"சம்பளம் ஏறிடுச்சு."

"ஏறினதுக்கா கடன் கேக்கிறீங்க?"

"ஏறாம இருந்திருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் அக்கா சம்பளத்தில் இனி இதற்கும் ஒரு பிடித்தம்.

பணத்தைக் கட்டப் போன இடத்தில் வேறொரு சிக்கல். ஆஸ்பத்திரியில் பணம் வாங்கும் கவுண்டர் ஒன்றுதான். ஊழியர் பணம் கட்ட வருவார் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"நோயாளி பேரு?" என்றார் காசாளர்.

"நோயாளி இல்ல. சம்பளத்தைத் திருப்பிக் கட்டணும்."

"இதுல நோயாளி பேரு போடாம ரசீது வராதும்மா."

அக்கா தன் பெயரையே சொன்னார்.

"எந்த வார்டு?"

"பெண்கள் வார்டு."

"என்ன நோய்?"

"சம்பள உயர்வு."

காசாளர் பட்டியலில் மேலும் கீழும் தேடினார். இல்லை. பொதுவான காய்ச்சல் என்று போட்டுக்கொண்டார். பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் தொகையை எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் காய்ச்சலுக்கா இவ்வளவு?" என்று அதிர்ச்சியோடு வரிசையை விட்டுப் போய்விட்டார்.

ரசீதைக் காட்டியதும் கணக்கு அம்மா சொன்னபடி அந்த மாதத்தைத் திருத்திப் போட்டார். ஆனால் நோட்டீஸை ரத்து செய்யும் முன் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் வேறு வருமானம் எதுவும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவர் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த நர்ஸ் சீருடைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. அக்கா கொடிக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாக வர வேண்டும் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் வந்தவர்.

"தையல் மிஷின்" என்றார் கணவர்.

"வருமானம் வருதா?"

"சும்மா பொழுதுபோக்கு."

வந்தவர் கொடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, இவர் என்ன செய்யறார்?"

"எப்பவும் உக்காந்துதான் இருப்பார்" என்றேன்.

வந்தவர் தாளில் எதையோ எழுதத் தொடங்கி நிறுத்தினார். குனிந்து தன் பேண்ட்டின் கால் மடிப்பைத் தூக்கிக் காட்டினார். தையல் விட்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தடுக்கிவிடுகிறது என்றார்.

அக்கா ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, மீதியை எழுதினார். மோட்டார் இரண்டு முறை உறுமியது. வேலை முடிந்தது. வந்தவர் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பர்ஸை எடுத்தார்.

"எவ்வளவு?"

"வேணாம் சார்" என்றார் கணவர். "வாங்கினா எல்லையைத் தாண்டிடுவேன்."

வந்தவர் பர்ஸைப் பைக்குள் வைத்தார். வேறு வருமானம் இல்லை என்று எழுதிய தாளில் அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவரே கிழித்துக் கசக்கி, போட இடம் தெரியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.